சார் என்றால் யார்?

நமது பள்ளிக்கூடங்களில் உபாத்தியாயரை மாணவர்கள் 'சார்' என்று அழைப்பது வழக்கம். இங்கிலீஷ்காரர்களின் 'ஸர்' என்னும் மரியாதைச் சொல் நம் நாவில் புரண்டு அப்படியாயிற்று. அதே இங்கிலீஷ் பாஷையில் இன்னொரு 'சார்' உண்டு. நம் எழுத்தில் எழுதினால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. 'சாவி' என்பதில் வரும் ஓசையைச் சற்று அழுத்திச் சொன்னால் அந்தச் சொல் வந்துவிடும். ஆனால் பொருளில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். முந்தியது வகுப்பில் நாற்காலி மேல் உட்கார்ந்திருப்பவரைக் குறிக்கும். பிந்தியது அந்த நாற்காலியைத் துடைத்துவிட்டுப் போகும் கூலிப் பெண்ணைக் குறிக்கும். முழு வார்த்தை 'சார்வுமன்'. பழைய இங்கிலீஷ் கதைகளைப் படிக்கும் பிள்ளைகள் இந்த இடத்தில் இடறி நின்று அகராதியைப் புரட்டுவார்கள். 'வேலைக்காரி' என்று ஒற்றை வார்த்தையில் பதில் கிடைக்கும். தவறான பதில் என்று சொல்வதற்கில்லை. ஆலமரத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டால் 'மரம்' என்று சொல்வது எப்படித் தவறில்லையோ, அப்படித்தான்.

அந்த வார்த்தைக்கும் அதன் சுற்றத்தாருக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. இன்று இங்கிலாந்திலேயே அது கிழச் சொல்லாகிவிட்டது. பழம் புஸ்தகங்களை விட்டால் வயோதிகர் பேச்சில்தான் காணலாம். சொல் செத்தாலும் வேலை சாகவில்லை. எந்தப் பெயரைச் சூட்டினார்கள், எதைக் கழற்றினார்கள், ஏன் கழற்றினார்கள் என்று பார்த்தால் சில சுவாரஸ்யமான சங்கதிகளும் சில சங்கடமான சங்கதிகளும் வெளிவருகின்றன.

முதலில் வேரைப் பார்ப்போம். ஆதி இங்கிலீஷில் 'சியெர்' என்று ஒரு சொல் இருந்தது. திரும்புதல், ஒரு சுற்று, ஒரு முறை என்று அதற்குப் பொருள். பிறகு 'ஒரு முறை செய்யும் வேலை', 'ஒரு வேளை வேலை' என்று பொருள் விரிந்தது. அப்படி வேளை வேலைக்கு வருகிறவள் சார்வுமன். 14-ஆம் நூற்றாண்டிலேயே இந்தச் சொல் எழுத்தில் ஏறிவிட்டது. அமெரிக்கர்கள் வீட்டுச் சில்லறை வேலைகளை இன்றும் 'சோர்' என்கிறார்களே, அதுவும் இந்த வேரில் கிளைத்ததுதான். கதவு ஒருக்களித்துத் திறந்திருப்பதைக் குறிக்கும் 'அஜார்' என்ற சொல்லும் அப்படியே. கதவு 'திரும்பி' நிற்கிறதல்லவா? இன்னும் ஒரு வேடிக்கை. லண்டன் மாநகரின் நடுநாயகமாக விளங்கும் சாரிங் கிராஸ் என்ற இடத்தின் பெயரும் இதே குடும்பம். தேம்ஸ் நதி அங்கே வளைந்து திரும்புகிறது. அந்த வளைவில் இருந்த சிற்றூருக்குச் சாரிங் என்று பெயர். முதலாம் எட்வர்டு ராஜா, 1290-ல் இறந்த தன் ராணியின் ஞாபகார்த்தமாக அங்கே சிலுவை நாட்டினான். அதனால் 'அருமை ராணி' என்ற பிரெஞ்சுத் தொடர்தான் சாரிங் ஆயிற்று என்று கதை கட்டியிருக்கிறார்கள். கதை அழகாக இருக்கிறது, உண்மையில்லை. ராணியை விட வாசல் கூட்டுகிறவளே அந்தப் பெயருக்கு நெருங்கிய சொந்தம்.

'முறை' என்ற பொருளைக் கேட்டதும் தமிழ் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு ஒரு சொல் ஞாபகம் வரவேண்டும். ஒண்டுக் குடித்தனங்களில் 'முறைவாசல்' என்பார்கள். ஒரே வாசலுக்குள் ஏழெட்டுக் குடும்பம் இருக்கும். ஒருவர் மாற்றி ஒருவர் வாசல் பெருக்கித் தெளித்துக் கோலம் போடவேண்டும். இன்றைக்கு யார் முறை என்பதில் எழும் சண்டை தெருக்கோடி வரை கேட்கும். அப்புறம் ஓர் ஆளை அமர்த்திக்கொண்டு, அதற்காக வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்த காசுக்கும் முறைவாசல் என்றே பெயர் நிலைத்தது. இங்கிலீஷ்காரனின் 'சியெர்' நடந்து வந்த அதே வழியில் நம்முடைய 'முறை'யும் நடந்திருக்கிறது. ஆகவே சார்வுமனுக்குச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கம் வேண்டுமென்று யாரேனும் பிடிவாதம் பிடித்தால் 'முறைப்பெண்' என்றுதான் சொல்லவேண்டிவரும். அதனால் குடும்பங்களில் விளையக்கூடிய விபரீதங்களுக்கு நாம் பொறுப்பாளி அல்ல.

நிற்க. ஜான்ஸன் பண்டிதர் 1755-ல் வெளியிட்ட பெரிய அகராதியில் சார்வுமனுக்கு இடம் கொடுத்திருக்கிறார். எப்போதாவது சில்லறைக் காரியங்களுக்காகவும் ஒற்றை நாட்களுக்காகவும் கூலிக்கு வைத்துக்கொள்ளப்படும் பெண் என்பது அவர் தரும் விளக்கத்தின் சாரம். இதில் 'ஒற்றை நாள்' என்பதுதான் முக்கியம். இங்கிலாந்தின் பெரிய வீடுகளில் தங்கி வேலை செய்த பெண்கள் வேறு ஜாதி. அவர்களுக்குச் சாப்பாடும் படுக்கையும் எஜமான் வீட்டிலேயே. கலியாணமாகாத இளம் பெண்களாகப் பார்த்து அமர்த்துவார்கள். கலியாணம் நிச்சயமானால் வேலை போய்விடும். சார்வுமனோ பெரும்பாலும் கலியாணமானவள், அல்லது கணவனை இழந்தவள். தன் வீடு, தன் குழந்தைகள், தன் அடுப்பு என்று ஒன்று அவளுக்கு இருந்தது. காலையில் வந்து மாலையில் போய்விடுவாள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1911-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் இந்தத் தொழிலைத் தங்கள் தொழிலாகப் பதிந்திருக்கிறார்கள். பதியாமல் விட்டவர்கள் எத்தனை பேரோ!

இந்த வித்தியாசம் அழைக்கும் முறையில் நன்றாகத் தெரிந்தது. தங்கி வேலை செய்யும் பெண்ணை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். சில வீடுகளில் அந்தப் பெயரைக்கூட விட்டுவைக்கவில்லை. முந்தி இருந்தவள் பெயர் மேரி என்றால், புதிதாக வந்தவளும் மேரிதான். அவள் தாய் தகப்பன் வைத்த பெயர் வாசற்படிக்கு வெளியே நிற்கவேண்டியது. ஆனால் சார்வுமனுக்கு 'மிஸஸ்' என்ற பட்டம் உண்டு. மிஸஸ் இன்னார் என்று புருஷன் வழிப் பெயரைச் சேர்த்துத்தான் அழைப்பார்கள். வேலையோ வீட்டிலேயே மிகக் கடைப்பட்ட வேலை. அழைப்போ எஜமானிக்கு உள்ள அதே மிஸஸ்! நம் தமிழில் 'நீ', 'நீங்கள்' என்றும், 'அவள்', 'அவர்' என்றும் நாவிலேயே தராசு கட்டியிருக்கிறது. வாய் திறந்தாலே யார் எந்தத் தட்டில் என்று தெரிந்துவிடும். இங்கிலீஷ்காரனுக்கு எல்லாருக்கும் ஒரே 'யூ', ஒரே 'ஷீ'. ஆகையால் மரியாதையையும் அவமரியாதையையும் அவன் பெயரில்தான் வைத்தாகவேண்டும்.

வேலை இலேசானதல்ல. குளிர் தேசத்தில் ஒவ்வோர் அறையிலும் கணப்படுப்பு எரியும். முதல் நாள் சாம்பலை வாரி, இரும்புக் கம்பிகளுக்குக் கறுப்பு மெருகு ஏற்றி, கரி சுமந்து வந்து போட்டு, வாசற்படிக் கல்லைச் சுண்ணக்கல்லால் வெளுக்கத் தேய்த்து, பிறகு முழந்தாளிட்டுத் தரை முழுவதையும் சோப்பும் தூரிகையுமாகக் கழுவவேண்டும். ஓயாமல் முழங்கால் ஊன்றுவதால் முட்டியில் நீர் கோத்து வீங்கும் ஒரு வியாதிக்கு இங்கிலீஷ் வைத்தியர்கள் 'வேலைக்காரி முழங்கால்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஜெரோம் கே. ஜெரோம் 1889-ல் எழுதிய பிரசித்தமான ஹாஸ்ய நாவலின் துவக்கத்தில், வைத்திய நூலைப் படித்த கதாநாயகன் உலகத்திலுள்ள சகல வியாதிகளும் தனக்கு இருப்பதாகக் கண்டு கலங்குகிறான். அவனுக்கு இல்லாத ஒரே வியாதி இதுதான்! தலைமுறை தலைமுறையாக நாமும் சிரித்திருக்கிறோம். அவனுக்கு ஏன் அது வரவில்லை என்பதைச் சிரித்து முடித்த பிறகாவது யோசிக்கலாம்.

வீடுகளை விட்டுக் காரியாலயங்களுக்கு வருவோம். இங்கிலாந்தின் கஜானா இலாகாவிலும் மந்திரிகளின் காரியாலயங்களிலும் 17-ஆம் நூற்றாண்டு முதல் 19-ஆம் நூற்றாண்டு வரையில் ஒரு பதவி இருந்தது. 'நெஸஸரி வுமன்', அதாவது அவசியமான பெண்! அறைகளைப் பெருக்குவதும் கணப்பு மூட்டுவதும் உத்தியோகஸ்தர்களின் மூத்திரப் பாத்திரங்களைக் கொட்டிக் கழுவுவதும் அவள் வேலை. கக்கூஸுக்கு அக்காலத்தில் 'அவசிய வீடு' என்று நாகரிகமாகப் பெயர் சொல்வார்கள். பதவியின் பெயரில் அந்த வாடையும் உண்டு. இருந்தாலும் சம்பளப் பட்டியலில் காரியதரிசிகள், குமாஸ்தாக்கள், சேவகர்கள் எல்லோருக்கும் கீழே, ராஜாங்கத்தின் ஊழியராக அவளும் இடம் பெற்றாள். அந்த வரிசையில் உள்ள அத்தனை பேரிலும் 'அவசியம்' என்று சர்க்காரே ஒப்புக்கொண்ட ஆசாமி அவள் ஒருத்திதான் என்பதைக் கவனிக்கவேண்டும்.

லண்டனில் வக்கீல்கள் தங்கும் பழைய விடுதிகளில் அறை கூட்டும் பெண்ணுக்கு 'லாண்டிரஸ்' என்று பெயர். சலவைக்காரி என்று அர்த்தம். அவள் துணி வெளுப்பதே கிடையாது! கேம்பிரிட்ஜ் கலாசாலைகளில் மாணவர்களின் அறையைச் சுத்தம் செய்து படுக்கை போடும் பெண்ணுக்குப் 'பெட்டர்' என்று பெயர். இந்தக் கடைசிப் பெயரில் நமக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது. கும்பகோணத்துக் கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமானுஜன் 1914-ல் கேம்பிரிட்ஜ் டிரினிடி கலாசாலைக்குப் போனார் அல்லவா? அந்தக் குளிரில் அவர் ஓவர்கோட்டை மாட்டிக்கொண்டு சால்வையைப் போர்த்தபடி நடுங்கிக்கொண்டு உறங்கினாராம். பின்னாளில் புள்ளியியலில் புகழ் பெற்ற மஹலநோபிஸ் அப்போது அங்கே மாணவர். அவர் வந்து பார்த்தால் கட்டிலில் கம்பளிகள் நிறைய இருக்கின்றன. எல்லாவற்றையும் மெத்தைக்கு அடியில் இறுக்கமாகச் செருகி, மேலே விரிப்புப் போட்டிருக்கிறது. கம்பளியை விலக்கி அதற்குள் நுழைந்து படுக்கவேண்டும் என்பது பாய் விரித்துப் படுத்துப் பழகிய ராமானுஜனுக்குத் தெரியவில்லை. மஹலநோபிஸ் சொல்லிக்கொடுத்தார். கலாசாலை வழக்கப்படி இப்படிக் கம்பளி செருகுவது பெட்டருடைய கைவேலை. தினமும் காலையில் அறைக்குள் வந்து போகும் பெண்ணுக்கும், உலகம் வியக்கும் மேதைக்கும் இடையே 'இதில் எப்படி அம்மா படுப்பது?' என்று ஒரு வார்த்தை நடக்கவில்லை. ஒருவர் வேலையை ஒருவர் பார்த்துக்கொண்டு பேசாமல் போவதுதான் அங்கே மரியாதை.

அதே டிரினிடி கலாசாலையின் புஸ்தக சாலையில் சில நாட்குறிப்புகள் இருக்கின்றன. எழுதியவர் ஹன்னா கல்விக் என்ற பெண்மணி. 1833-ல் பிறந்தவர். எட்டு வயதிலேயே பிறர் வீட்டு வேலைக்குப் போனவர். எல்லா வேலைக்கும் ஒரே ஆளாகவும் இருந்திருக்கிறார்; நாட்கூலிக்கும் தரை தேய்த்திருக்கிறார். ஆர்தர் முன்பி என்ற கனவானுக்கும் இவருக்கும் அன்பு உண்டாயிற்று. அவருடைய வேண்டுகோளின்படி 1854 முதல் சுமார் இருபது வருஷம், அன்றன்று மூட்டிய கணப்பு, மெருகேற்றிய அடுப்பு, துடைத்த பூட்ஸுகள், தேய்த்த படிகள் என்று ஒன்றுவிடாமல் எழுதி வைத்தார். இருவரும் 1873-ல் ரகசியமாக விவாகம் செய்துகொண்டார்கள். ஆனால் முன்பியின் வக்கீல் விடுதி அறைகளில் ஊராருக்கு அவர் வேலைக்காரியாகவே காட்சியளித்தார். கனவானின் மனைவி என்ற கோலம் அவருக்குப் பிடிக்கவில்லை. பட்டும் கையுறையும் அணிந்து சும்மா உட்காருவதை விடச் சொந்தக் கையால் பிழைக்கும் சுதந்தரமே மேல் என்பது அவர் கட்சி. இவர்களுடைய மனப்போக்கில் நமக்கு விளங்காத விசித்திரங்கள் பல உண்டு. அவற்றுக்குள் நாம் புகவில்லை. முன்பி 1910-ல் இறந்தபோது, 1950 வரையில் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையுடன் காகிதப் பெட்டிகளைத் தமது பழைய கலாசாலைக்கு விட்டுச் சென்றார். இத்தனை நூற்றாண்டுகளாகத் தரை தேய்த்த லட்சக்கணக்கான பெண்களில், தான் என்ன செய்தோம் என்று தன் எழுத்தாலேயே சொல்லிவிட்டுப் போனவர்கள் மிகச் சிலர். ஹன்னா அவர்களில் ஒருவர்.

மற்றவர்களைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் வேலை வாங்கியவர்களே. அவர்கள் எப்படிச் சித்திரித்தார்கள்? டிக்கன்ஸ் 1843-ல் எழுதிய கிறிஸ்துமஸ் கதையில் வரும் சார்வுமன், செத்துக் கிடக்கும் எஜமானின் படுக்கைத் திரையைக் கழற்றி விற்கிறாள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'சார்வுமன்' என்ற சொல்லுக்கு மவுசு குறைந்து, 'சார்லேடி' என்று ஒரு புதுச்சொல் கிளம்பிற்று. 'சார் சீமாட்டி' என்று வைத்துக்கொள்ளுங்கள். மரியாதை போலவும் இருக்கும், நையாண்டி போலவும் இருக்கும். சொன்னவருடைய முகத்தைப் பார்த்தால்தான் எது என்று தெரியும். 'தினசரி' என்ற பொருளில் 'டெய்லி' என்றும் சொன்னார்கள். பத்திரிகையும் டெய்லி, பால்காரனும் டெய்லி, பாத்திரம் தேய்க்கிற பெண்ணும் டெய்லி! இரண்டாவது மகா யுத்த காலத்தில் லண்டன் ரேடியோவில் 1939 முதல் 1949 வரை நடந்த ஹாஸ்ய நிகழ்ச்சி ஒன்றில் 'மிஸஸ் மாப்' என்று ஒரு பாத்திரம் வந்து சேர்ந்தது. தரை துடைக்கும் மாப்புதான். வாளியும் கையுமாக மேயருடைய அறைக்குள் திடீர் என்று நுழைந்து அவள் கேட்கும் ஒரு கேள்விக்கு, குண்டு விழும் ஊரில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டாரதி ஸம்மர்ஸ் என்ற நடிகை அதில் பேசிப் புகழ் பெற்றார். ஆனால் அது முதல் எல்லாத் துப்புரவுப் பெண்களும் மிஸஸ் மாப் ஆகிவிட்டார்கள். அவரவர் குடும்பப் பெயரோடு 'மிஸஸ்' சேர்த்துச் சொன்ன பழைய மரியாதை போய், மிஸஸ் என்பதே கேலியில் ஒட்டிக்கொண்டது.

இந்தச் சிரிப்புக்கெல்லாம் நடுவே காதரின் மான்ஸ்பீல்டு 1921-ல் வெளியிட்ட சிறுகதை ஒன்று தனியே நிற்கிறது. மா பார்க்கர் என்ற கிழவி வாரம் ஒரு நாள் ஓர் இலக்கியக் கனவானின் அறையைச் சுத்தம் செய்கிறாள். பதின்மூன்று பிள்ளை பெற்று ஏழு பேரைப் பறிகொடுத்தவள். நேற்றுத்தான் தன் உயிருக்கு உயிரான பேரனைப் புதைத்துவிட்டு வந்திருக்கிறாள். கனவான் ஏதோ ஆறுதல் சொல்லப் பார்க்கிறார், சொல்லத் தெரியவில்லை. பிறகு, டப்பாவின் அடியில் கொஞ்சம் கோக்கோ இருந்ததே, அதை எறிந்துவிட்டாயா என்று விசாரிக்கிறார். ஒரு தடவை வாய்விட்டு அழவேண்டும் என்று கிழவிக்குத் தோன்றுகிறது. எங்கே போய் அழுவது? தன் வீட்டில் மகள் இருக்கிறாள், பயந்துபோவாள். இந்த அறை கனவானுடையது. தெருவில் அழுதால் போலீஸ்காரன் கேட்பான். ஊரெல்லாம் கூட்டித் துடைத்தவளுக்கு ஊரில் அழ ஓர் இடமில்லை.

நம் பக்கத்துச் சொற்களில் ஒன்றை மட்டும் பார்ப்போம். ஆஸ்பத்திரியிலும் பள்ளிக்கூடத்திலும் 'ஆயா' என்று அழைக்கிறோமே, அது போர்ச்சுகீசியர் கொண்டுவந்த 'ஐயா' என்ற பெண்பாற் சொல். அவர்கள் நாட்டில் பிரபுக்களின் குழந்தைகளை வளர்த்த கௌரவமான மாதுக்குப் பெயர். வெள்ளைக்காரத் துரைசானிகளின் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கப்பலேறிப் போன நம் நாட்டுப் பெண்களுக்கு அது பட்டமாயிற்று. அங்கே போனதும் வேலை முடிந்தது என்று நடுத்தெருவில் விட்டவர்களும் உண்டு. அப்படித் திக்கற்றவர்களுக்காக லண்டனில் ஹாக்னி என்ற பகுதியில் 'ஆயாக்கள் இல்லம்' நடந்தது. அந்த வீட்டின் சுவரில் 2022-ல்தான் நினைவுப் பலகை பதித்தார்கள். இன்று நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் ஆயா என்றால் குழந்தையைக் கழுவிவிடுவதும் அவர்தான், கக்கூஸைக் கழுவுவதும் அவர்தான்.

லண்டனில் கடைசியாக மிஞ்சிய சொல் 'கிளீனர்'. சீமாட்டியும் இல்லை, மிஸஸும் இல்லை. சுத்தம் செய்கிறவர், அவ்வளவே. கேலி ஒட்டாத நல்ல சொல்தான். ஆனால் அந்த நல்ல சொல் வந்து சேர்ந்த காலத்தில், முன்பு சர்க்காரும் கம்பெனிகளும் நேராகச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்ட வேலை மெல்ல மெல்லக் குத்தகைக்காரர் கைக்குப் போய்விட்டது. இரவு பத்து மணிக்கு வந்து விடியும் வரை மாடி மாடியாகக் கூட்டித் துடைத்துவிட்டு, குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்ப வீட்டுக்கு ஓடும் பெண்கள், தாங்கள் துடைத்த மேஜைக்கு உரியவரைப் பார்த்ததே இல்லை. மே ஹாப்ஸ் என்ற துப்புரவுப் பெண்மணி 1970 முதல் இவர்களை ஒன்றுகூட்டப் பாடுபட்டார். சர்க்கார் காரியாலயங்கள் இருந்த எம்ப்ரஸ் ஸ்டேட் கட்டிடத்தில் 1972-ல் வேலைநிறுத்தம் நடந்தது. கூலி உயர்வும் சங்கம் வைக்கும் உரிமையும் கேட்டார்கள். 1975-ல் 'இரவுத் துப்புரவாளர்கள்' என்று ஒரு சினிமாப் படமும் இந்தப் போராட்டத்தைப் பற்றி வந்தது. குத்தகையில் உள்ள சூது என்னவென்றால், போராடிப் பெற்ற உயர்வு அந்தக் குத்தகைக்காரனோடு சரி. அடுத்த வருஷம் வேறொருவன் குறைந்த தொகைக்கு எடுத்தால் மறுபடி பிள்ளையார் சுழிதான். மூத்திரப் பாத்திரம் கழுவிய 'அவசியமான பெண்'ணுக்குக் கஜானாப் பட்டியலில் ஓர் இடம் இருந்தது. நாகரிகப் பெயர் பெற்ற கிளீனருக்கு அந்தக் கட்டிடத்தின் எந்தப் பட்டியலிலும் இடமில்லை.

பெயரை உயர்த்தும் வேலையை நாமும் செய்திருக்கிறோம். வீதி கூட்டிக் குப்பை வாருகிறவர்களைத் துப்புரவுப் பணியாளர் என்று எழுதி வந்த தமிழ்நாட்டு அரசாங்கம், 2020-ல் அதைத் 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றியது. கேட்பதற்கு இனிமையான தமிழ். மாற்றியதில் தவறு காண்பதற்கு ஒன்றுமில்லை. 2025-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் சென்னையில், ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய இரண்டு மண்டலங்களில் குப்பை அகற்றும் வேலை தனியார் கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்தத் தூய்மைப் பணியாளர்கள், பெரும்பாலோர் பெண்கள், மாநகராட்சியின் ரிப்பன் கட்டிடத்துக்கு வெளியே நடைபாதையில் வந்து உட்கார்ந்தார்கள். தனியாரிடம் தள்ளாதீர்கள், மாநகராட்சியிலேயே எங்களை நிரந்தரமாக்குங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. வெயிலிலும் மழையிலும் பதின்மூன்று நாள் இருந்தார்கள். 13-ந் தேதி நள்ளிரவில் போலீஸார் வந்து அவர்களைப் பஸ்களில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.